வீட்டுப்பாலம்

2022 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு எரிந்த ஒரு பாலத்தின் வீடியோவை மறுநாள் காலை செல்பேசியில் பார்த்தேன். இருட்டில் ஆற்றுக்குக் குறுக்கே நீளமாக ஒரு நெருப்பு. கரையில் நிற்பவர்கள் நிழலாகத் தெரிந்தார்கள். சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில், பிங்நான் மாவட்டத்தில், சாங்சியாவ் என்ற ஊரில் இருந்த வான்ஆன் பாலம் அது. நீளம் 98.2 மீட்டர், ஐந்து கல் தூண்கள், ஆறு கண்கள், மேலே ஓட்டுக் கூரை. சீனாவில் மிஞ்சியிருந்த கூரையிட்ட மர வளைவுப் பாலங்களில் இதுதான் நீளமானது. நெருப்பு அணைந்தபோது தூண்கள் மட்டும் நின்றன.

பாலம் வடிவமைப்பது என் தொழில். எரிந்த பாலத்தைப் பார்த்தால் எது முதலில் விழுந்தது என்றுதான் என் கண் தேடும். அன்றும் அதையேதான் தேடினேன். பிறகு படிக்கத் தொடங்கியபோது, நான் தேடாத ஒன்று வந்து முன்னால் நின்றது. பொறியியல் புத்தகங்கள் இந்தப் பாலங்களின் அடிப்பக்கத்தைப் பற்றியே பேசுகின்றன. மேல்பக்கத்தைப் பற்றி, அங்கே யார் உட்கார்ந்தார்கள், யார் விளக்கு வைத்தார்கள் என்பதைப் பற்றி, ஒரு பத்தியோடு முடித்துக்கொள்கின்றன. அந்த ஒரு பத்தியில்தான் பெண்கள் இருக்கிறார்கள்.

முதலில் பெயர். இன்று எல்லோரும் இவற்றை ‘லாங்சியாவ்’ என்கிறார்கள்: தாழ்வாரப் பாலம். இந்தச் சொல் ஊருக்கு ஊர் பரவியதற்கு ஒரு அமெரிக்கக் கதையும் காரணம். ‘தி பிரிட்ஜஸ் ஆஃப் மேடிசன் கவுண்டி’ என்ற நாவலும் திரைப்படமும் 1990களில் சீனத்துக்குப் போனபோது தலைப்பில் இந்தச் சொல்லை வைத்தார்கள். அயோவாவின் பண்ணை வீட்டில் சலித்துப்போன ஒரு மனைவிக்கு நான்கு நாள் கிடைத்த காதல் அது. சுற்றுலாத் துறைக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா? ஆனால் அந்த மலைகளில் இருந்தவர்கள் பாலங்களை வேறு பெயர்களால் அழைத்தார்கள். தைஷுன் பக்கத்தில் பூரான் பாலம், கீழே மரங்கள் கால் கால்களாக நீள்வதால். ஃபூஜியனில் ‘சுவோசியாவ்’, அதாவது வீட்டுப்பாலம். எனக்கு இந்தக் கடைசிப் பெயர் பிடித்திருக்கிறது.

வீடு என்றால் அலங்காரத்துக்குச் சொன்னதில்லை. தூண், உத்திரம், கூரை, ஓடு, இரு பக்கமும் உட்காரப் பலகை, நடுவில் ஒரு சாமி மாடம் எல்லாம் உண்டு. மழை நனைக்காமல் இருக்கப் பக்கவாட்டில் பலகை அடைப்பு, அதில் சின்னச் சின்னச் சாளரங்கள். கூரை இல்லாவிட்டால் மரம் சில ஆண்டுகளில் உளுத்துவிடும். அதைவிட முக்கியம் எடை. இந்த வளைவு கனம் அழுத்தினால்தான் இறுகி நிற்கும்; மேலே வீடு இல்லாத பாலம் வெள்ளத்திலும் காற்றிலும் ஆடிவிடும்.

கட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நேரான நெடு மரங்கள்தான் இருக்கின்றன. ஆனால் ஆறு எந்த ஒரு மரத்தையும்விட அகலம். இரண்டு கரையிலிருந்தும் சாய்வாக மரங்களை ஏற்றி, நடுவில் படுக்கைவாட்டில் ஒரு வரிசை வைத்தால் மூன்று துண்டு கொண்ட ஒரு வளைவு. அதன் இடுக்குகளில் நுழைந்து ஐந்து துண்டு கொண்ட இன்னொரு வளைவு. இரண்டையும் குறுக்கு மரங்கள் பூட்டுகின்றன. தனித்தனியாக எதுவும் நிற்காது. ஒன்றின் மேல் ஒன்றாகவும் கீழாகவும் மாறி மாறிப் போவதால், கூடை முடைவதுபோல இறுகிக்கொள்ளும். ஆய்வாளர்கள் இதற்கு வைத்த பெயரே ‘முடைந்த மரவளைவு’ என்றுதான் பொருள்படும். ஆண் உழுவான், பெண் நெய்வாள் என்று வேலையைப் பிரித்துவைத்த ஒரு நாட்டில், ஆண்கள் மட்டும் செய்த ஒரு வேலைக்கு நெசவிலிருந்து பெயர் எடுத்திருப்பதைப் படித்தபோது சிரித்துவிட்டேன்.

12ஆம் நூற்றாண்டில் ஜாங் ஜெதுவான் வரைந்த நீண்ட சுருள் ஓவியத்தில், பியன்ஜிங் நகரத்தின் நடுவே இப்படி முடைந்த ஒரு பாலம் வளைந்து நிற்கிறது. அதற்குக் கூரை இல்லை. அதன் அச்சுப் பிரதி ஒன்று என் மேசையில் இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பெண்களை எண்ணிப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே பெண்கள் மிகச் சிலர். பாலத்தின் உச்சியில் ஒரு பல்லக்கும் ஒரு குதிரைக்காரரும் எதிரெதிரே முட்டிக்கொள்வதுபோல நிற்கிறார்கள். பல்லக்குக்குள் பெண் இருக்கலாம். நமக்குத் தெரிவது பல்லக்குதான்.

சோங் அரச மரபோடு இந்தத் தொழில்நுட்பம் அழிந்துவிட்டது என்று பாலவியல் அறிஞர்கள் நெடுநாள் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1980 வாக்கில் ஃபூஜியன்–ஜெஜியாங் எல்லை மலைகளில் அதே வகைப் பாலங்களைக் ‘கண்டுபிடித்தார்கள்’. அன்று காலைகூட அதன் மேல் விறகுக் கட்டோடு யாரோ நடந்துதான் போயிருப்பார்கள். ஓவியத்துப் பாலத்துக்கும் மலைப் பாலங்களுக்கும் நேரடி உறவு உண்டா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஜெஜியாங்கின் சிங்யுவானில் உள்ள ருலோங் பாலத்தின் ஆண்டு 1625 என்று அதன் மரத்திலேயே எழுதியிருக்கிறது. இவ்வகைப் பாலங்களில் இன்று நூற்றுச் சொச்சம் மிஞ்சியிருக்கின்றன.

மரத்தில் எழுதியிருக்கிறது என்றேன். முகட்டு உத்திரத்திலும் குறுக்கு மரங்களிலும் மையால் எழுதிவைப்பது வழக்கம்: ஆண்டு, பணம் திரட்டிய ஊர்ப் பெரியவர்கள், கொடுத்தவர்கள், தலைமைத் தச்சர். தலைமைத் தச்சருக்கு ‘ஷெங்மோ’ என்று பெயர். கயிறும் மையும் என்று அர்த்தம். நூலடித்துக் கோடு போடுகிறவர். அவர்களின் பெயர்கள் முழுதாக இருக்கின்றன. நன்கொடை கொடுத்த பெண்கள் இம்மாதிரிப் பட்டியல்களில் வரும் விதம் வேறு: இன்ன வீட்டில் வாழ்க்கைப்பட்ட, இன்ன வீட்டிலிருந்து வந்தவள். இரண்டு குடும்பப் பெயர்கள் இருக்கும். அவளுடைய பெயர் இருக்காது. பணம் அவளுடையது என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு நேர்மை இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பாலத்தின் நடுவில் இருக்கும் சாமி மாடத்துக்கு வருகிறேன். சில பாலங்களில் குவான்யின், சிலவற்றில் போர்த் தெய்வம், சிலவற்றில் நீரடக்கும் தெய்வம். இந்த மலைகளின் பல பாலங்களில் இருப்பவள் சென் ஜிங்கு, லின்ஷுய் அம்மை. கருவுற்றவர்களுக்கும் பிரசவத்துக்கும் பிறந்த குழந்தைக்கும் காவல் அவள். அவளுடைய தலைமைக் கோயில் பிங்நானை அடுத்த குதியன் மாவட்டத்தில், ‘பெரிய பாலம்’ என்று பொருள்படும் தாசியாவ் என்ற ஊரில் இருக்கிறது.

அவள் கதையை பிரிஜித் பாப்தாந்தியே என்ற பிரெஞ்சு மானுடவியலாளர் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். சுருக்கம் இது. தாங் காலத்தில் ஃபூஜோவில் பிறந்த பெண். கல்யாணம் வேண்டாம் என்று வீட்டை விட்டுப் போய் லூ மலையில் மந்திர வித்தைகள் கற்கிறாள். எல்லாம் கற்கிறாள், பிரசவம் பார்க்கும் வித்தை தவிர. எனக்கு எதற்கு அது என்கிறாள். திரும்பி வந்தபின் கல்யாணமும் ஆகிறது, கருவும் உண்டாகிறது. அந்த நேரம் பார்த்துப் பஞ்சம். மழை வேண்டிச் சடங்கு செய்ய அவளால்தான் முடியும். வயிற்றிலிருந்த கருவைத் தன் மந்திரத்தால் வெளியே எடுத்து அம்மா வீட்டில் ஒளித்துவைத்துவிட்டு, ஆற்றின் மேல் நின்று ஆடுகிறாள். வெள்ளைப் பாம்பு ஒன்று கருவைத் தின்றுவிடுகிறது. மழை வருகிறது; அவள் செத்துப்போகிறாள். வயது 24. கற்க மறுத்த அந்த ஒரு வித்தைக்கே பிறகு தெய்வமாகிறாள்.

இதைப் பெண் விடுதலைக் கதை என்று உடனே கையில் எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம். ஊருக்கு மழை வேண்டும், வீட்டுக்குப் பிள்ளை வேண்டும், இரண்டையும் ஒரே உடம்பிடம் கேட்டார்கள். தாய்மையை மறுத்தவளைச் சாகடித்துத் தாய்மைக்கே காவல் வைத்த கதையாகவும் இதைப் படிக்கலாம். ஆனால் பிரசவத்தில் சாவது அன்றாடமாக இருந்த ஒரு மலைநாட்டில், பிரசவத்தில் செத்த ஒருத்தியிடம் போய்ப் பெண்கள் வேண்டிக்கொண்டார்கள் என்பதை நான் அலட்சியமாகத் தாண்டிப்போக மாட்டேன். அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அவள் பிறந்த கதையிலும் ஒரு பாலம் வருகிறது. சுவான்ஜோவின் லுவோயாங் பாலம், 1053 முதல் 1059 வரை சை சியாங் என்ற அதிகாரி கட்டி முடித்த கல் பாலம். (சுவான்ஜோவ் நமக்கு அந்நியமில்லை, 1281ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டும் சிவன் கோயிலின் மிச்சங்களும் கிடைத்த துறைமுகம்.) பாலம் கட்டப் பணம் போதவில்லையாம். குவான்யின் அழகான பெண்ணாக மாறிப் படகில் உட்கார்ந்து, யார் எறியும் வெள்ளி என்மேல் படுகிறதோ அவருக்கு மனைவியாவேன் என்று அறிவிக்கிறாள். ஆண்கள் எறிந்துகொண்டே இருக்கிறார்கள். படகு நிறைகிறது, பாலம் எழும்புகிறது. கடைசியில் ஒரு சித்தரின் குறும்பால் ஒருவனின் வெள்ளி அவள் கூந்தலில் பட்டுவிட, அவள் மறைகிறாள். உதிர்ந்த முடி வெள்ளைப் பாம்பாகிறது. விரலிலிருந்து சொட்டிய ரத்தத்தை ஆற்றோரத்தில் ஒரு பெண் விழுங்க, சென் ஜிங்கு பிறக்கிறாள். அரசு அதிகாரி கட்டிய பாலத்துக்கு, மக்கள் தங்கள் கதையில் நிதி திரட்டியது ஒரு பெண்ணின் உடம்பை வைத்து. அந்தக் கணக்கு மட்டும் எந்த ஆவணத்திலும் இல்லை.

சென் ஜிங்குவின் வழிபாட்டில் குழந்தைகள் பூக்கள். வெள்ளைப் பூ ஆண், சிவப்புப் பூ பெண். எந்தப் பூவை அதிகம் வேண்டியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

1634இல் ஷவ்நிங் மாவட்டத்துக்கு ஒரு புதிய நீதிபதி வந்தார். கதைத் தொகுப்புகளால் புகழ்பெற்ற ஃபெங் மெங்லோங்தான் அவர். வயது அறுபதைத் தொட்டிருந்தது. ஷவ்நிங் இன்றும் இந்தப் பாலங்கள் அடர்ந்த மாவட்டம். 1637இல் அவர் எழுதிய மாவட்டக் குறிப்பில், பிறந்த பெண் குழந்தைகளை நீரில் அமிழ்த்திக் கொல்வதைத் தடைசெய்து தாம் போட்ட அறிவிப்பைச் சேர்த்திருக்கிறார். அப்பன்களைப் பார்த்து, பெண்ணை வளர்க்காவிட்டால் உனக்கு மனைவி எங்கிருந்து வந்தாள் என்று கேட்கிறார். அம்மாக்களைப் பார்த்து, உன்னையும் அப்படிச் செய்திருந்தால் நீ எங்கே என்று கேட்கிறார். கொன்றவர்களுக்குத் தண்டனை, வீசப்பட்ட குழந்தையை எடுத்து வளர்ப்பவர்களுக்குப் பரிசு. நல்ல மனிதர்தான். ஆனாலும் பெண் குழந்தை ஏன் வாழ வேண்டும் என்பதற்கு அவரிடமும் முதலில் வந்த காரணம் ‘மனைவி’.

ஃபெங்சுயி சாத்திரப்படி இப்பாலங்கள் பல ஊரின் ‘நீர்வாய்’ எனப்படும் இடத்தில் நிற்கின்றன. ஊர்த் தண்ணீர் வெளியேறும் இடம். தண்ணீரோடு செல்வமும் போய்விடாமல் பாலம் தாழ்ப்பாள் போல நிற்கும் என்பது நம்பிக்கை. கட்டிக்கொடுத்த பெண் கொட்டிவிட்ட தண்ணீர் என்று சீனப் பழமொழி ஒன்று உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கல்யாணப் பல்லக்கு அந்தப் பாலத்தைத் தாண்டும்போது உள்ளே இருந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

வேலைத் தளத்துக்குப் பெண்கள் வரக் கூடாது. தச்சுக் கலை தந்தையிலிருந்து மகனுக்கு, குருவிலிருந்து சீடனுக்கு, பெரும்பாலும் ஒரே குலத்துக்குள் போனது. முகட்டு உத்திரத்துக்கான மரத்தைத் தேர்ந்தெடுத்துச் சடங்கோடு கொண்டுவருவார்கள். அதை யாரும் தாண்டக் கூடாது. கர்ப்பிணியும் மாதவிலக்கானவளும் கிட்டேயே வரக் கூடாது என்பது சீனத் தச்சு மரபில் பரவலான விலக்கு. உத்திரம் ஏறி, கூரை வேய்ந்து முடித்ததும் நடு மாடத்தில் பிரசவத் தெய்வத்தைக் குடிவைப்பார்கள். அதன்பிறகு அதே கர்ப்பிணி வந்து கும்பிடலாம்.

எனக்கு இது படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இல்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு ஆற்றுப் பாலத்துக்கு முதல் பைல் இறக்கும் நாள். வரைபடத்தில் என் கையெழுத்து இருந்தது. எலுமிச்சையும் தேங்காயும் கற்பூரமும் தயாராக இருந்தன. வயதில் பெரிய மேற்பார்வையாளர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரொம்ப மரியாதையாக, “மேடம், இன்னைக்கு நீங்க பூஜைல நிக்கறதுல ஒண்ணும் பிரச்சினை இல்லையே?” என்று கேட்டார். புரிய இரண்டு நொடி ஆனது. இல்லை என்றேன். பிரச்சினை இருந்தது, முதல் நாள்தான் ஆரம்பித்திருந்தது. பொய் சொல்லி நின்ற அந்தப் பத்து நிமிடமும் டிரில்லிங் ரிக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாலம் நன்றாகத்தான் நிற்கிறது. ஆனால் பொய் சொன்னதற்காக இன்னமும் எனக்கு என்மேல்தான் கோபம், அவர்மேல் இல்லை. இந்த விசித்திரத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துத்தான் இந்தக் கட்டுரைக்கே உட்கார்ந்தேன்.

கூரைப் பாலங்களிலும் மண்டபங்களிலும் சாய்ந்து உட்கார, வெளிப்பக்கம் வளைந்த முதுகுப் பலகை வைத்த இருக்கை ஒன்று உண்டு. சீனக் கட்டடக் கலையில் அதற்கு ‘அழகி சாயும் பலகை’ என்று பெயர். பெயர் வைத்தவர் பெரிய வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்த பெண்ணை நினைத்திருப்பார். மலைப் பாலத்தில் அதில் சாய்ந்தவர்கள் உப்பும் தேயிலையும் சுமந்த கூலிகள், சந்தைக்குப் போகிறவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள். ஹான் வீடுகளில் பெண்களின் பாதத்தைச் சிறு வயதிலேயே இறுகக் கட்டி ஒடித்த வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இருந்தது. அதே மலைகளில் வாழும் ஷெ பழங்குடிப் பெண்கள் பாதம் கட்டுவதில்லை. வயலில் இறங்கினார்கள், சுமை தூக்கினார்கள். அந்தப் பலகை இரண்டு வகைக் கால்களுக்கும் ஓய்வு கொடுத்திருக்கிறது. ஓடிந்த காலோடு வெளியே வந்தவளுக்கு ‘வீட்டுப்பாலம்’ ஒரு வசதியான சாக்கும்கூட: கூரையும் சாமியும் உட்காரப் பலகையும் இருக்கிற இடத்துக்குத்தான் போனேன்.

மிங், சிங் காலங்களில் பெண்கள் கூட்டமாக வெளியே நடந்த இரவு ஒன்று உண்டு. முதல் மாதத்து முழுநிலவையொட்டிய விளக்குத் திருவிழாவில், நோய்கள் கழியட்டும் என்று பாலங்களைத் தாண்டி நடப்பார்கள். வடக்கே ‘நூறு நோய் நடை’ என்றார்கள். யாங்சே தெற்கில் ‘மூன்று பாலம் நடப்பது’. பெண்கள் கோயிலுக்குப் போவதையே சிங் அதிகாரிகள் திரும்பத் திரும்பத் தடைசெய்து அறிக்கை விட்டார்கள். திரும்பத் திரும்ப விட வேண்டியிருந்தது என்றால் யாரும் கேட்கவில்லை என்றுதானே பொருள்? பிங்நான் பக்கத்தில் இந்த நடை ஐந்தாம் மாதத்துத் துவான்வு திருநாளில் நடக்கிறது. நடப்பவர்களில் அதிகம் பேர் வயதான பெண்கள். பாலத்தின் மேல் மந்திரம் முணுமுணுத்தபடி போய்வந்து, இலையில் பொதிந்த பசையரிசி உருண்டைகளை ஆற்றில் போடுகிறார்கள்.

2009இல் யுனெஸ்கோ இந்தப் பாலங்களைக் கட்டும் முறையை, உடனடியாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. நகர்மயம், மரத் தட்டுப்பாடு, கட்ட இடமின்மை என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. அரசு அங்கீகரித்த மூத்த தச்சர்கள், தைஷுனின் தோங் ஜிஜி, ஷவ்நிங்கின் ஜெங் துவோஜின், வான்ஆன் பாலத்து ஊரிலேயே பிறந்த ஹுவாங் சுன்சாய், மூவரும் ஆண்கள். அவர்கள் திறமையில் எனக்குச் சந்தேகமே கிடையாது; தோங் ஜிஜி எண்பது வயதைத் தாண்டியபின் 2006இல் ஒரு புதிய பாலத்தை முடித்தவர். இந்தக் கலையைத் தொழில்நுட்பமாகவும் சமூக வரலாறாகவும் ஆராய்ந்து 2021இல் பெரிய நூல் கொண்டுவந்தவர் லியூ யான், ஒரு பெண். மியூனிக்கில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். மரபு அனுமதிக்காத தளத்துக்கு ஆய்வு வழியாக ஒரு பெண் உள்ளே போயிருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

பாலங்கள் எரிவதும் அடித்துப் போவதும் புதிதல்ல. வான்ஆனே 1742, 1845, 1932, 1954 என்று மறுபடி மறுபடி எழுந்ததுதான். 1952 வெள்ளம் இரண்டு கண்களைக் கொண்டுபோயிற்று. 2016 செப்டம்பரில் மெராந்தி புயலின்போது தைஷுனில் ஒரே நாளில் மூன்று பாலங்கள் போயின. ஊர்க்காரர்கள் ஆற்றோரமாகக் கீழே கீழே போய்த் தேடிப் பெரிய மரங்களில் பெரும்பகுதியை மீட்டார்கள். அடுத்த ஆண்டு அந்த மரங்களை வைத்தே பாலங்கள் எழும்பின. மரப்பாலத்தின் ஆயுள் மரத்தில் இல்லை, திரும்பக் கட்டத் தெரிந்த கைகளில் இருக்கிறது என்று பொறியாளர்கள் சொல்வோம். திரும்பக் கட்ட வேண்டும் என்று யாருக்காவது தோன்றவும் வேண்டுமே. அந்தத் தேவையை விடாமல் பிடித்து வைத்திருந்தவர்களில் மாடத்துக்கு விளக்கு ஏற்ற வந்தவர்களும் உண்டு.

வான்ஆன் எரிந்தபிறகு சீன அரசின் பண்பாட்டு மரபுத் துறை 2023 முதல் 2025 வரைக்கான கூரைப் பாலப் பாதுகாப்புத் திட்டத்தை வெளியிட்டது. நல்லது, அவசியம். 2024 டிசம்பரில் யுனெஸ்கோவும் இந்தக் கலையை ஆபத்துப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. தீப் பாதுகாப்பு என்று வரும்போது மரக் கட்டடத்தில் முதலில் கைவைக்க வேண்டியது ஊதுவத்தியிலும் மெழுகுவத்தியிலும்தான். என்னிடம் அறிக்கை கேட்டாலும் நானும் அதைத்தான் முதல் வரியில் எழுதுவேன்: திறந்த நெருப்பு கூடாது. எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருப்பேன். சென் ஜிங்குவுக்கு எலெக்ட்ரிக் விளக்கு போதுமா என்று அந்த ஊர்க் கிழவிகளிடம் யாராவது கேட்டார்களா?